ஒட்டகச்சிவிங்கிக்கு மட்டும் ஒத்திகை கிடையாது

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை எனக்குத் தோன்றியபோது நான் நான்கு காலில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா வீட்டு வரவேற்பறையில், சோபாவுக்கும் டீவிக்கும் நடுவே, பழுப்பு நிறப் போர்வை ஒன்றைப் போர்த்திக்கொண்டு, சிங்கமாக. கதை எங்கிருந்து வருகிறது என்று எழுத்தாளர்களைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மழையிலிருந்து, ரயில் பயணத்திலிருந்து, பழைய புகைப்படத்திலிருந்து என்று கௌரவமாகப் பதில் சொல்லும் எழுத்தாளர்களும் இருக்கிறார்கள். எனக்கு முழங்கால் வலியிலிருந்து வந்தது.

"கர்ஜனை பத்தல" என்றார் அத்தான்.

மறுபடி கர்ஜித்தேன். இந்த ஆளை எழுதியே பழிவாங்குவது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

பழிவாங்கக் கிளம்பிய கதை வேறெங்கோ போய்ச் சேர்ந்துவிட்டது. எப்படிப் போனது என்பதை முடிந்தவரை நேர்மையாகச் சொல்கிறேன், அடித்ததையும் கிழித்ததையும் மறைக்காமல்.

2.

தொடக்கம், முதல் முயற்சி: "ஆப்பிரிக்கப் புல்வெளியின் மீது சிவந்த சூரியன் மெல்ல..."

[நிறுத்தினேன். நான் ஆப்பிரிக்கா போனதில்லை. அந்தச் சூரியன் மெல்ல எழுமா, சட்டென்று எழுமா, தெரியாது.]

இரண்டாவது முயற்சி: "என் அத்தானுக்குப் பைத்தியம்."

[நல்ல வாக்கியம். ஆனால் அக்கா படிப்பாள்.]

மூன்றாவது முயற்சி: "குடும்பம் என்பது..."

[குடும்பம் என்பது என்று தொடங்கிய எந்த வாக்கியமும் உருப்பட்டதில்லை.]

ஆகவே நேராக ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். அக்கா மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். "இப்படித் திரும்புங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க, அவ்வளவுதான்" என்பதுதான் அவள் நாள் முழுக்கப் பேசுவது. வீட்டிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான் பேசுவாள்.

அத்தானின் வேலையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெரிய அலுவலகங்களில் தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவது என்று ஒத்திகை நடத்துபவர். விசில், கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி, ஒளிரும் மஞ்சள் மேல்சட்டை. மணி அடித்தால் எழ வேண்டும், பையைத் தேடக்கூடாது, லிஃப்ட்டைத் தொடக்கூடாது, வேடிக்கை பார்க்கக்கூடாது, எல்லாரும் படி வழியாக இறங்கி, வெளியே கூட வேண்டிய இடமான அசெம்பிளி பாயிண்ட்டில் வரிசையாக நிற்க வேண்டும். ஒரே ஒருவர் செல்போனை எடுக்கத் திரும்பியிருந்தாலும் மொத்தக் கட்டிடமும் மறுபடி மேலே ஏற வேண்டும். குறை எதுவும் இல்லாத ஒத்திகை அமையும்வரை அவர் விடமாட்டார். அதிகாரிகள் அவரைக் கண்டாலே கழிப்பறைக்குள் ஒளிந்துகொள்வார்கள். கழிப்பறையைச் சோதிப்பதும் அவருடைய முறைகளில் ஒன்று.

இத்தனை வருட வேலையில் அவர் ஒரு தீயைக்கூடப் பார்த்ததில்லை. "நான் ஒத்திகை பாத்த எடத்துல இதுவரைக்கும் தீ வந்ததே இல்ல" என்பார், தீ அவருக்குப் பயந்து ஒதுங்கியிருப்பதுபோல.

இவர்களுக்கு ஒரு மகள். கல்லூரியில் படிக்கிறாள். என்னை மாமா என்று கூப்பிடுவாள், நான் எழுதியதைப் படித்துவிட்டுச் சிரிக்காமல் முகத்தைப் பார்ப்பாள். நான் பாடப்புத்தகப் பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துபவன். மிச்ச நேரத்தில் எழுத்தாளன். மிச்ச நேரம் நிறைய உண்டு.

3.

அக்கா எதையும் கேட்கிறவள் இல்லை. புடவைக் கடையில் முதலில் எடுத்துப் போட்டதையே வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எனக்கு ஒட்டகச்சிவிங்கி தண்ணி குடிக்கிறதைப் பாக்கணும்."

நாங்கள் மூவரும் சாப்பிடுவதை நிறுத்தினோம்.

"மிருகக்காட்சி சாலைக்குப் போலாமே" என்றேன்.

"அங்க தொட்டியை ஒசரத்துல கட்டி வெச்சிருக்காங்கடா. அது குனியவே வேணாம். நான் போய்ப் பாத்துட்டேன்."

அப்புறம் அவள் வாழ்க்கையிலேயே நீளமாகப் பேசினாள் என்று நினைக்கிறேன். நம் கழுத்தில் ஏழு எலும்பு. ஒட்டகச்சிவிங்கிக்கும் ஏழே ஏழுதான். ஒவ்வொன்றும் நீளம், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஏழை வைத்துக்கொண்டு அது முன்னங்கால் இரண்டையும் அகட்டி, மேலேயிருந்து தரைவரைக்கும் தலையை இறக்கி, குடித்துவிட்டு மறுபடி தூக்குகிறது. "நான் நாள் பூரா கழுத்துதான் பாக்குறேன். எல்லாம் வலிக்கிற கழுத்து. வலிக்காத கழுத்துக்காரங்க என்கிட்ட வர மாட்டாங்க இல்ல? ஒரு தடவையாவது வலிக்காத கழுத்து ஒண்ணு நல்லாக் குனிஞ்சு நிமிர்றதைப் பாக்கணும்."

சொல்லிவிட்டு மோரை ஊற்றிக்கொண்டாள்.

அத்தான் கை கழுவவே இல்லை. எச்சில் கையோடு எழுந்து போய் நாள்காட்டி முன்னால் நின்றார். மனைவி முதல்முறையாக ஒன்று கேட்டிருக்கிறாள். அதில் ஒரு குறை வரக்கூடாது. குறை வராமல் இருக்க அவருக்குத் தெரிந்த வழி உலகத்திலேயே ஒன்றுதான்.

(இந்தப் பத்தியை நான் முதலில் எழுதியபோது அத்தானைக் கோமாளியாக்கித்தான் எழுதினேன். கை கழுவாமல் நின்றதை நான் பார்த்திருக்காவிட்டால் அப்படியே விட்டிருப்பேன்.)

4.

ஆப்பிரிக்கப் பயணம் ஏற்பாடு செய்யும் டிராவல்ஸ் பெண்ணோடு அத்தான் பேசிய உரையாடலை அப்படியே தருகிறேன். போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார், குடும்பம் முழுக்கக் கேட்க வேண்டும் என்பதற்காக.

"சார், நீங்க பெட்டியைக் கட்டிட்டு வந்தாப் போதும். மிச்சத்தை நாங்க பாத்துக்குறோம்."

"சிங்கம் வந்தா எங்க கூடணும்?"

"சார்?"

"அசெம்பிளி பாயிண்ட்."

"அப்படி எதுவும் கிடையாது சார். புல்வெளிதான்."

"எவ்வளவு பெருசு?"

"ரொம்பப் பெருசு சார். ஒரு சின்ன நாடு மாதிரி."

"இவ்வளவு பெரிய எடத்துல ஒரு அசெம்பிளி பாயிண்ட் இல்லையா?"

"கேட்டுச் சொல்றேன் சார்" என்றாள் அவள். எனக்கு அவள்மேல் பெரிய மரியாதை வந்தது.

"ஒட்டகச்சிவிங்கி கண்டிப்பா வருமா?" என்று கடைசியாகக் கேட்டார்.

"வரும் சார். பெரும்பாலும் வரும். ஆனா தண்ணி குடிக்கிறதைப் பாக்குறது கொஞ்சம் அதிர்ஷ்டம்தான். இலையிலேயே அதுக்கு வேண்டிய தண்ணி கெடச்சிரும். தினமும் குடிக்காது."

அத்தான் போனை வைத்தார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன், காரணத்தைக் கவனிக்கவில்லை. நான் அடுத்த நகைச்சுவையை யோசித்துக்கொண்டிருந்தேன்.

5.

முதல் ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சோபாதான் ஜீப். முன் இருக்கையில் அத்தான், பின்னால் அக்காவும் மகளும். ஓட்டுநர் இடத்தில் ஒரு தலையணை. டீவிக்குப் பின்னாலிருந்து சிங்கமாகிய நான் வந்தேன். கர்ஜனை பத்தவில்லை என்பதை முன்பே சொன்னேன். இரண்டாவது கர்ஜனைக்கு அத்தான் விசில் ஊதினார்.

மூவரும் எழுந்தார்கள். பையை எடுக்கவில்லை. வரிசையாகக் கதவைத் திறந்து, லிஃப்ட்டைத் தொடாமல், படி வழியாக இறங்கி, வண்டி நிறுத்துமிடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தான் தலையை எண்ணிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

திரும்பி வந்து, "அருமை. யாருமே சிங்கத்தைப் பாக்கல" என்றார்.

அக்கா சோபாவில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். "பாக்கத்தானேங்க போறோம்?"

அத்தான் அவளையே பார்த்தார். அவர் வேலையில் இதுவரை யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

"அதோட ஜீப்பை விட்டு எறங்கவே கூடாதுன்னு அந்தப் பொண்ணு அனுப்பின தாள்ல மொத வரியிலேயே போட்டிருக்கு" என்றாள் மகள். "நாம எறங்குறதை மட்டும்தான்பா பழகியிருக்கோம்."

இப்படி ஒரு தவறை வேறு எந்தக் குடும்பமும் செய்திருக்க முடியாது. மனிதர் வாழ்நாள் முழுவதும் ஆபத்திலிருந்து ஆட்களை வெளியே கொண்டுவந்து பழகியவர். வனவிலங்குகளுக்கு நடுவே, பாதுகாப்பான வண்டியிலிருந்து, எங்களை ஒழுங்காக வரிசையில் இறக்கிவிடப் பார்த்திருக்கிறார்.

அதனால் ஒத்திகை தலைகீழானது. இனி விசில் ஊதினால் யாரும் அசையக்கூடாது. இதற்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு அக்காவுக்கு. "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க." அன்றைக்கு நாங்கள் பிடித்த மூச்சில் மகளுக்குத் தலைசுற்றல் வந்தது.

* சிங்கத்தை மூச்சு விடச் சொல்ல எல்லாரும் மறந்துவிட்டார்கள். பதிவுக்காகச் சொல்கிறேன்.

6.

இந்த இடத்தில் மகள் கையெழுத்துப்பிரதியைக் கேட்டு வாங்கிப் படித்தாள். எனக்கே ஒரு சந்தேகம் இருந்தது: இப்படி ஒரு அத்தானை வாசகர் நம்புவாரா? கொஞ்சம் மட்டுப்படுத்தலாமா?

"அப்பாவைக் கொறச்சு எழுதியிருக்கீங்க மாமா" என்றாள்.

"கொறச்சா?"

"நான் பொறந்த கதையை எழுதலையே."

அது எனக்குத் தெரிந்த கதைதான். எழுதினால் இட்டுக்கட்டியது என்பார்கள் என்று விட்டிருந்தேன். அக்கா கர்ப்பமாக இருந்தபோது அத்தான் மருத்துவமனைக்குப் போகும் வழியைத் தினமும் காரில் ஒத்திகை பார்த்தார். பின் இருக்கையில் அக்காவுக்குப் பதிலாக ஒரு தலையணை, அதற்கு சீட் பெல்ட். வலி வந்த அன்றைக்கு ஒரு சிக்னலில்கூட நிற்காமல், ஒரு திருப்பத்தைக்கூடத் தவறவிடாமல், தலையணையை மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அக்கா பின்னாலேயே வாடகைக் காரில் வந்து இறங்கினாள். பிரசவ அறை வாசலில் தலையணையோடு நின்றவரைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில்தான் குழந்தை பிறந்தது என்று மருத்துவரே சொன்னாராம்.

"இன்னொண்ணு மாமா" என்றாள் மகள். "அம்மா எங்க?"

"என்ன அம்மா எங்க? எல்லாப் பக்கத்திலயும் இருக்காளே."

"சோபாவில இருக்காங்க. இது அவங்க கேட்ட பயணம். நீங்களும் அப்பாவும் போர்வை, விசில்னு ஆடுறீங்க, அவங்க உக்காந்து பாத்துட்டு இருக்காங்க."

பிரதியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் முன்பக்கங்களைப் புரட்டினேன். அவள் சொன்னது சரி. எனக்கு அத்தானை எழுதுவதுதான் ஜாலியாக இருந்தது. அதற்குப் பிறகும் அப்படித்தான் எழுதினேன், அடுத்த பகுதியைப் பாருங்கள்.

7.

கர்ஜனைச் சத்தம் தாங்காமல் புகார் சொல்ல வந்தவர் குடியிருப்போர் சங்கச் செயலாளர். கோபமாகத்தான் வந்தார். அத்தான் அவரை உட்கார வைத்து, தேநீர் கொடுத்து, எங்களுக்கு யானை இல்லாத குறையைச் சொன்னார். செயலாளர் சற்று யோசித்தார்.

"ஒத்தை யானையா, கூட்டமா?"

"ஒத்தை. கொஞ்சம் கோபக்கார யானை."

"கோபத்துக்கு நான் பழகவே வேணாம்" என்றார் செயலாளர்.

அதற்குப் பிறகு என் கையில் எதுவும் இல்லை. கதையும் இல்லை. தரைத்தளத்துத் தம்பதி வரிக்குதிரையாகச் சேர்ந்தார்கள். பல வருடமாகப் பேசிக்கொள்ளாதவர்கள், வரிக்குதிரையாக மட்டும் சேர்ந்தே நின்றார்கள். எருமைக் கூட்டம் ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு மாடிப்படிதான் ஆறு. எருமையாக வர ஆள் அதிகமாகி அடுத்த வாரத்துக்குக் காத்திருந்தார்கள். நீர்யானையாக வேண்டுமென்று இரண்டு பேர் சண்டை போட, சங்கத்தின் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. ஒரு மாலை, வரிக்குதிரைகளும் எருமைகளும் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டார்கள். லிஃப்ட்டைத் தொடக்கூடாது என்று தொண்டை கிழியக் கத்தியும் தொட்டதற்காக அத்தான் அவர்களை உடனே வெளியே எடுக்கச் சம்மதிக்கவில்லை.

ஒவ்வொரு ஒத்திகையிலும் ஏதாவது ஒரு குறை. யானை நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது. சிங்கம் இருமியது. மகள் சிரித்துவிட்டாள். குறை தீரும்வரை பயணம் கிடையாது. அத்தான் டிராவல்ஸ் பெண்ணைக் கூப்பிட்டுத் தேதியைத் தள்ளி வைத்தார். பிறகு மறுபடி தள்ளி வைத்தார். அக்கா ஒவ்வொரு முறையும் மருத்துவமனையில் விடுப்பை மாற்றிக் கேட்டாள். "ஆப்பிரிக்கா இன்னும் அங்கதான் இருக்கா?" என்று அவளுடைய மேலதிகாரி விசாரித்தாராம்.

இத்தனைக்கும் நடுவே அக்கா ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் வாய் திறந்தாள். மூன்றாம் மாடியில் ஒரு கூடைப்பந்துப் பயிற்சியாளர் இருந்தார். உயரம். அவர் தயங்கித் தயங்கி வந்து நின்றபோது எதற்கு வந்திருக்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"வேண்டாம் தம்பி" என்றாள் அக்கா. "வேற எதுவா வேணா இருங்க. ஒட்டகச்சிவிங்கி மட்டும் யாரும் செய்யக்கூடாது."

அவர் நெருப்புக்கோழி ஆனார். நன்றாகவே செய்தார்.

8.

[இந்தப் பகுதியை ஐந்தாறு விதமாக எழுதினேன். எல்லாவற்றிலும் சிரிப்பு வந்தது. சிரிப்பு வராத மாதிரி எழுதத் தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி வைக்கிறேன்.]

அன்றைக்கு அத்தான் ஒத்திகையைக் கீழே, வண்டி நிறுத்துமிடத்தில் வைத்தார். சோபாவையே கீழே இறக்கியிருந்தார்கள். சாயங்கால வெயில். யானை நேரத்துக்கு வந்தது, நேரத்துக்குப் போனது. நான் இருமவில்லை. மகள் சிரிக்கவில்லை. குறை இல்லாத முதல் ஒத்திகை. அக்கா பையை எடுத்துக்கொண்டு எழப்போனாள்.

"இருங்க" என்று செயலாளர் துதிக்கையால் சைகை காட்டினார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து அத்தான் வந்தார். காலில் உயரக் கட்டைகள், எட்டாத சுவரைப் பூசுபவர்கள் கட்டிக்கொள்வார்களே, அது. தலைக்கு மேலே தீயணைப்புக் குழாயைச் சுருட்டி நிமிர்த்திக் கட்டிய கழுத்து, அதன்மேல் அட்டையில் முகம். மஞ்சள் மேல்சட்டையில் பழுப்புத் திட்டுகளை வரைந்திருந்தார். பல வாரமாக அலுவலகத்தில் கதவைச் சாத்திக்கொண்டு பழகியிருக்கிறார். முன்னால் ஒரு பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர்.

அவர் மெல்ல நடந்து வந்தார். சுற்றும் பார்த்தார். முன்னங்கால் என்று வைத்துக்கொள்ள வேண்டிய இரண்டு காலையும் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டினார். அப்புறம் குனிந்தார். அந்தக் குழாய்க் கழுத்து வளைந்து வளைந்து இறங்கி வாளித் தண்ணீரைத் தொட்டது. வரிக்குதிரைகள் கைதட்டினார்கள். எருமைகள் விசிலடித்தார்கள். நானும் கைதட்டினேன். உண்மையிலேயே நன்றாக இருந்தது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைப் பொத்தியிருந்தாள்.

அத்தான் நிமிரவில்லை.

ஏதோ கூடுதலாக நடிக்கிறார் என்று நினைத்து இன்னும் கைதட்டினோம். வாளிக்கு மேலேயிருந்து அவர் குரல் வந்தது. "புடிச்சிக்கிச்சு."

9.

அக்கா வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு அவரை நானும் செயலாளரும் தூக்கிக்கொண்டு போனோம். செயலாளர் காதைக் கழற்ற மறந்திருந்தார். வரவேற்பில் இருந்தவர் யானைக்கு என்ன உடம்புக்கு என்றுதான் முதலில் கேட்டார்.

எக்ஸ்ரே அறைக் கதவு மூடி, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே அத்தானும் படம் எடுக்க அக்காவும், நான் வெளியே. எனவே இனி வருவது எனக்குக் கேட்ட பேச்சு இல்லை. அக்கா சொன்னது கொஞ்சம், அத்தான் சொன்னது கொஞ்சம். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்ன வரிகளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

"தாடையை இதுல வைங்க. மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

"அசைய முடிஞ்சா நான் ஏன் இங்க வரப்போறேன்?"

"அவ்வளவுதான். மூச்சு விடுங்க."

"கோவமா?"

"ஆமா."

"நல்லா இல்லையா?"

"நான் பாக்கவே இல்ல. அதை மட்டும் யாரும் செய்யாதீங்கன்னு சொன்னேன்ல? போட்டோல கூடப் பாக்காம வெச்சிருந்தேன். வாழ்க்கையில ஒண்ணே ஒண்ணை நேராப் போயி மொதல் தடவையாப் பாக்கலாம்னு."

அத்தான் சொன்னதாக இருவரும் ஒப்புக்கொண்ட வரி இது: "அந்தப் பொண்ணு சொல்லிச்சு, தண்ணி குடிக்கிறது அதிர்ஷ்டம்தான்னு. நீ ஒண்ணே ஒண்ணு கேட்டே. அவ்வளவு தூரம் போயி, அது வராம, நீ ஏமாந்து உக்காந்திருக்கிறதை என்னால பாக்க முடியாது. இங்கன்னா நிச்சயமா வருமேன்னு..."

"அதனாலதான் தேதியைத் தள்ளித் தள்ளி வெச்சீங்களா?"

அவரால் தலையாட்ட முடியவில்லை. ஆனால் அவளுக்குப் புரிந்தது.

"வரலன்னா வரலன்னு தெரிஞ்சிட்டு வர்றேங்க" என்றாள் அக்கா. "ஏமாறுறதா இருந்தா அதையும் நானே ஏமாந்துக்குறேன். அதுக்கும் நீங்க ஒத்திகை பாக்காதீங்க."

பிறகு படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். எலும்பில் ஒன்றும் இல்லை. தசைதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கழுத்துப் பட்டை போட வேண்டும், குலுங்குகிற வண்டியில் ஏறவே கூடாது என்று மருத்துவர் சொன்னார். ஆப்பிரிக்கப் பூங்காவில் ஓடும் ஜீப் குலுங்குமா என்று அத்தான் அவரிடம் கேட்டார்.

10.

இனி முடிவு. உங்களுக்குத் தேர்ந்தெடுக்கச் சிலது வைத்திருந்தேன்.

(அ) நிஜமாகவே கட்டிடத்தில் தீப்பிடிக்கிறது. வரிக்குதிரையும் யானையும் வரிசையாகப் படியிறங்கி உயிர் பிழைக்கிறார்கள். அத்தான் தன் முதல் தீயைப் பார்க்கிறார். [இரண்டாம் பகுதியைப் படித்தபோதே இதைத்தான் எதிர்பார்த்திருப்பீர்கள். எதிர்பார்த்தீர்கள் என்பதற்காகவே வேண்டாம்.]

(ஆ) அக்கா தனியாகப் போகிறாள். மூன்று நாளும் ஒட்டகச்சிவிங்கி வரவில்லை. திரும்பி வந்து, அத்தானிடம் இன்னொரு முறை செய்து காட்டச் சொல்கிறாள். [எழுதும்போதே கண் கலங்கியது. எனக்கே கண் கலங்கினால் அது நல்ல வரியாக இருக்காது.]

(இ) அக்கா தனியாகப் போகிறாள். கடைசி நாள் மாலை அது வருகிறது.

இந்த (இ) இருக்கிறதே, அதை நான் முழுசாக எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல பக்கங்கள் அவை, தற்பெருமை இல்லை. நீர்நிலை, மண்ணின் நிறம், கால் அகலும் விதம், அந்த ஏழு எலும்பும் ஒவ்வொன்றாக இறங்கும் விதம். தெரியாத சூரியனைப் பற்றிக்கூட எழுதிவிட்டேன். அக்கா பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அதைக் கொண்டுபோய் நீட்டினேன். அத்தான் இல்லாமல், மகளையும் துணைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெரிய தேசத்துக்குத் தனியாகப் போகிறாள். தம்பியால் முடிந்த வழிச்செலவு.

அவள் வாங்கி, மடிப்பைப் பிரிக்காமல் கேட்டாள்.

"இதுல அது தண்ணி குடிக்குதா?"

"குடிக்குதுக்கா. பிரமாதமாக் குடிக்குது."

"அப்போ எனக்கு வேண்டாம்."

"படிச்சாவது பாரேன்."

"உங்க அத்தான் கால்ல கட்டையைக் கட்டிட்டு செஞ்சாரு. நீ பேப்பர்ல செஞ்சிருக்கே. அவருக்காவது கழுத்து புடிச்சிக்கிச்சு." பக்கங்களை என் சட்டைப் பையிலேயே வைத்தாள். கோபமாக வைக்கவில்லை. "கிழிச்சிடுடா. நான் போறதுக்கு முன்னாடியே நீ எல்லாருக்கும் காமிச்சிட்டா, அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு அங்க?"

எனக்குச் சுருக்கென்றது. கிழித்தேன். அவள் கண் முன்னாலேயே. நகல் எதுவும் இல்லை.

11.

அக்கா இன்று காலை கிளம்பிப் போய்விட்டாள். விமான நிலைய வாசலில் கையை ஆட்டினாள், உள்ளே போனாள். நான் இதை எழுதிக்கொண்டிருப்பது அதே நாளின் சாயங்காலம். விமானம் எங்கேயோ மேலே இருக்கிறது.

அத்தான் கழுத்துப் பட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். சற்று முன் செயலாளர் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, நேரம் போகாமல், "மேடம் போய் எறங்கினதும் மொத நாளே அது..." என்று தொடங்கினார். அத்தான் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார். செயலாளர் வாயை மூடிக்கொண்டார். மகள் செல்போனில் எதையோ தேடப்போனாள்; அவளுக்கும் ஒரு விசில். இந்த வீட்டில் அக்கா திரும்பி வரும்வரை யாரும் எதையும் நினைத்துப் பார்க்கக்கூடாது என்பது உத்தரவு. இதைக் கடைப்பிடிப்பதில் மிகவும் சிரமப்படுபவர் அத்தான்தான் என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பாவமாக இருக்கிறது.

இப்படிப்பட்ட கதைகளில் கடைசியில் ஆசிரியர் வாசகரைப் பார்த்து, முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று கைகழுவுவது வழக்கம். நானும் முன்பு செய்திருக்கிறேன். இந்த முறை மாட்டேன். இது என் முடிவு இல்லை, உங்களுக்குத் தர.

உங்களிடம் கேட்பது வேறு. இப்போது உங்கள் மனசில் ஒரு நீர்நிலை வந்துவிட்டது. எனக்குத் தெரியும். அதன் கரையில் உயரமாக ஏதோ ஒன்று வந்து நிற்கிறது. கால் இரண்டும் மெல்ல...

வேண்டாம். தயவுசெய்து இந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். அவள் முதலில் பார்க்கட்டும்.